அறிக்கை யார் பெட்டிக்கு வருகிறது?

எங்கள் மருத்துவமனையின் பதிவுப் படிவத்தில் பெயர், வயது, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றுக்குக் கீழே சிறிய கட்டம் ஒன்று உள்ளது. 'மின்னஞ்சல் முகவரி' என்று அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அந்த இடம் வந்ததும் பலர் பேனாவை நிறுத்திவிடுகின்றனர். பின்னால் நிற்கும் மகனையோ மருமகனையோ திரும்பிப் பார்க்கின்றனர். அவர் தம் முகவரியைச் சொல்கிறார், நாங்கள் எழுதிக்கொள்கிறோம், வரிசை நகர்கிறது. இதில் கவலைப்பட ஏதும் இருப்பதாக நெடுநாள் எங்களுக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, அறிக்கை வழங்கும் சாளரத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். மார்பகத்தில் தென்பட்ட கட்டிக்காக அவருக்கு பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனை நடந்திருந்தது. படிவத்தில் இருந்தது அவருடைய கணவரின் அண்ணன் முகவரி. வீட்டில் மடிக்கணினி வைத்திருப்பவர் அவர்தாம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. வெள்ளிக்கிழமை மாலையே அறிக்கை அந்த முகவரிக்குப் போய்விட்டது. "மூன்று நாளாக வீட்டில் ஒருவரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை" என்றார் அவர். அவர் குரலில் கோபம் இல்லை. காகித அறிக்கையை வாங்கிப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு, "என் பெயரிலேயே ஒரு முகவரி திறந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார்.

அன்று உதவி மேசையில் அதற்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி இதை எழுதுகிறோம். பிழை அந்த அண்ணனுடையது அன்று. அவர் பதறிப்போய் மனைவியிடம் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. யாருடைய முகவரி என்று கேளாமலே எழுதிக்கொண்டவர்கள் நாங்கள்தாம். இப்போது பதிவு மேசையில் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறோம்: "இந்த மின்னஞ்சலை நீங்களே திறந்து பார்ப்பீர்களா?" இல்லை என்று பதில் வந்தால், கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம். மின்னஞ்சல் இல்லாத எவருக்கும் எங்களிடம் சிகிச்சையோ காகித அறிக்கையோ மறுக்கப்படுவதில்லை.

ஆயினும் சொந்த முகவரி ஒன்று இருப்பது நல்லது. வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு என்று பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். சர்க்கரை அளவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் தொலைபேசி தொலைந்தாலோ மாற்றப்பட்டாலோ அதில் வந்த கோப்புகள் பலருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆவணம் அனுப்பவும், வேறூரில் உள்ள மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கவும் மின்னஞ்சலே பெரும்பாலும் வழியாகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்கேன் அறிக்கையை அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் கேட்கும்போது, மின்னஞ்சலில் மருத்துவமனையின் பெயரைத் தேடினால் அது அரை நிமிடத்தில் கைக்கு வரும்.

இணையவழி மின்னஞ்சல் என்றால் என்ன?

மின்னஞ்சல் பழைய கருவி. அமெரிக்காவின் ரே டாம்லின்சன் 1971-ஆம் ஆண்டு ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே மடல் அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரித்துக் காட்ட 'அட்' என்று நாம் வாசிக்கும் வட்டக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. பின்னர் நெடுங்காலம், மடல்களைத் தம் சொந்தக் கணினியில் இறக்கிவைத்துப் படிப்பதே வழக்கமாக இருந்தது. அந்தக் கணினியின் முன் அமர்ந்தால்தான் மடலைப் படிக்க முடியும். பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியாவும் அவருடைய நண்பர் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயில் இதை மாற்றியது. மடல்கள் நிறுவனத்தின் கணினியிலேயே இருக்கும். இணையம் உள்ள எந்தக் கருவியிலும் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து அவற்றைப் படிக்கலாம். 2004 ஏப்ரல் 1 அன்று வந்த கூகுளின் ஜிமெயிலும் இதே முறையில் இயங்குகிறது.

அஞ்சலகத்தில் வாடகைக்கு எடுக்கும் பெட்டியை எண்ணிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். பெட்டி அஞ்சலகத்தில் இருக்கிறது. சாவி உங்களிடம் இருக்கிறது. உங்கள் தொலைபேசி உடைந்தாலும் பெட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. சாவி வேறொருவரிடம் இருந்தாலோ, அது உங்கள் பெயர் எழுதிய வேறொருவரின் பெட்டி.

ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா?

புதிதாகத் தொடங்குமுன் இதைப் பாருங்கள். எங்கள் உதவி மேசைக்கு வருபவர்களில் பலர், "எனக்கு மின்னஞ்சல் இல்லை" என்கின்றனர். தொலைபேசியைத் திறந்து பார்த்தால் இருக்கிறது. ஆண்ட்ராய்டு தொலைபேசியில் செயலிகளை இறக்கக் கூகுள் கணக்கு தேவை. ஆகவே தொலைபேசி விற்ற கடையிலேயே அங்குள்ள பையன் ஒரு கணக்கைத் திறந்து, தன் மனத்துக்குத் தோன்றிய கடவுச்சொல்லை இட்டு, தொலைபேசியைக் கையில் கொடுத்திருப்பான். அந்தச் சொல் உங்களுக்கும் தெரியாது. இன்று அவனுக்கும் நினைவிருக்காது.

ஜிமெயில் செயலியைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள சிறு வட்டத்தைத் தொடுங்கள். அதில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ இருக்கும். அதன் கீழே தோன்றுவதுதான் உங்கள் முகவரி. பெயர் ஏற்கத்தக்கதாக இருந்தால் அதையே வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தொலைபேசியின் அமைப்புகளில் 'கூகுள்' என்பதைத் தேர்ந்து, கணக்கை நிர்வகிக்கும் பக்கத்தில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்றால் கடவுச்சொல் என்ற வரி இருக்கும். பழைய சொல்லைக் கேட்டால், மறந்துவிட்டது என்பதைத் தொடுங்கள். கணக்கு உங்கள் தொலைபேசியிலேயே திறந்திருப்பதால், திரைப்பூட்டைக் கொண்டோ குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கொண்டோ பெரும்பாலும் புதிய சொல்லை அமைத்துக்கொள்ளலாம். அப்படியும் திறக்கவில்லையென்றால் அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல்.

பிரவுசிங் சென்டரில் யாரோ திறந்து தந்த முகவரியைப் பற்றியும் ஒரு சொல். சிறுநீரகக் கல்லுக்காக வந்த பெரியவர் ஒருவர் படிவத்தில் தந்த முகவரி, அவருடைய மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காகக் கடைக்காரர் உண்டாக்கியது. கடவுச்சொல் கடைக்காரரிடம் இருந்தது, கடை மூடப்பட்டுவிட்டது. நாங்கள் இரண்டு வாரம் அந்த முகவரிக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

புதிதாகத் திறப்பது

ஜிமெயிலை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம்; எங்கள் நோயாளிகளிடம் மிகுதியாகக் காண்பது அதுவே. பிற நிறுவனங்களிலும் முறை ஏறத்தாழ இதுதான். கட்டணம் இல்லை. எவரேனும் உங்களிடம் கணக்குத் திறக்கப் பணம் கேட்டால் அது அவருடைய உழைப்புக்கு, கூகுளுக்கு அன்று.

செயலியில் அதே வட்டத்தைத் தொட்டு, வேறொரு கணக்கைச் சேர்ப்பதைத் தேர்ந்து, புதிய கணக்கு, சொந்தப் பயன்பாட்டுக்கு என்று செல்ல வேண்டும். கணினியில் என்றால் ஜிமெயில் டாட் காம் பக்கத்தில் கணக்கை உருவாக்கும் இணைப்பு இருக்கும். பக்கத்தைத் தமிழிலேயே படிக்கலாம். மொழியை மாற்றும் இடமும் அங்கேயே உண்டு. பெயர், பிறந்த நாள், பாலினம், விரும்பும் முகவரி, கடவுச்சொல், தொலைபேசி எண் ஆகியவை ஒவ்வொன்றாகக் கேட்கப்படும். வரிசை அவ்வப்போது மாறுகிறது, கேட்கப்படுபவை மாறுவதில்லை. பிறந்த ஆண்டை நிதானமாகத் தேருங்கள். அவசரத்தில் நடப்பு ஆண்டைத் தேர்ந்துவிட்டால், சிறு குழந்தை கணக்குத் திறப்பதாகக் கருதி அது முடக்கப்படலாம்.

முகவரியைத் தேர்வதில் சற்று நேரம் செலவிடலாம். ஜிமெயிலில் அது 6 முதல் 30 எழுத்துகள் வரை இருக்கலாம். ஆங்கில எழுத்துகள், எண்கள், புள்ளி ஆகியவையே ஏற்கப்படும். உங்கள் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். முருகனும் லட்சுமியும் இந்நாட்டில் ஏராளம். பெயருடன் தந்தையின் முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் சேர்த்துப் பாருங்கள். பிறந்த ஆண்டைச் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முகவரியைப் பார்க்கும் எல்லோருக்கும் வயது தெரிய வேண்டிய தேவையில்லை. நோயின் பெயரையோ மருத்துவமனையின் பெயரையோ சேர்க்கவே வேண்டாம். ஒருவர் அப்படிச் சேர்த்துவிட்டு, பின்னர் அதே முகவரியை மகனின் திருமணத் தகவல் மையத்துக்குக் கொடுக்க நேர்ந்தபோது வருந்தினார்.

உரக்கச் சொல்லும்போது குழப்பம் வராத முகவரியே நல்ல முகவரி. பதிவு மேசையில் இரைச்சல் மிகுதி. 'எம்' என்பது 'என்' ஆகக் கேட்கும். 'பி' என்பது 'டி' ஆகக் கேட்கும். ஓர் எழுத்து மாறினால் மடல் திரும்பி வரலாம். அல்லது அந்த மாறிய முகவரிக்கு உரிய முன்பின் அறியாத ஒருவருக்கு உங்கள் அறிக்கை போய்ச் சேரலாம். பின்னது நேர்ந்தால் எங்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆகையால் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள். இப்போது நாங்கள் ஒரு சோதனை மடலை அனுப்பிவிட்டு, அது வந்ததா என்று நோயாளியை அங்கேயே பார்க்கச் சொல்கிறோம். வரிசையில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஜிமெயிலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. பெயரின் நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பெட்டிக்கே வரும்.

கடவுச்சொல்

எட்டு எழுத்துகளுக்குக் குறையாமல் கேட்கப்படும். பேரப்பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல்லை உறவினர் எவரும் மூன்றாவது முயற்சியில் கண்டுபிடித்துவிடுவர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி, இடையே இரண்டு எண்களை இட்டால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். வங்கிக்கு வைத்திருக்கும் சொல்லை இதற்கு வைக்கக் கூடாது.

எழுதி வைக்கலாமா? எழுதி வைக்கவே கூடாது என்று பலர் அறிவுறுத்துகின்றனர். அறுபதைக் கடந்தவர்கள் எழுதி வைப்பதே நல்லது என்பது எங்கள் அனுபவம். வீட்டில், நகையும் பத்திரமும் இருக்கும் இடத்தில், ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மருத்துவக் கோப்பின் அட்டையில் மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கோப்பு எத்தனை மேசைகளைக் கடந்து செல்கிறது என்பதை நாங்கள் அறிவோம்.

மீட்புக்காகத் தரும் தொலைபேசி எண் கடவுச்சொல்லைவிட முக்கியமானது. சொல் மறந்துபோனால் அந்த எண்ணுக்கு வரும் குறியீடே மறுபடி கதவைத் திறக்கிறது. அது உங்கள் கையில் உள்ள, தொடர்ந்து ரீசார்ஜ் செய்யப்படும் எண்ணாக இருக்க வேண்டும். பயன்பாடின்றித் துண்டிக்கப்பட்ட கைப்பேசி எண்கள் நம் நாட்டில் குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். அப்போது உங்கள் பெட்டியின் மாற்றுச் சாவி அவரிடம் போகிறது. எண்ணை மாற்றினால், அன்றே கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

அறிக்கை வந்துவிட்டது என்கிறார்கள், காணவில்லையே?

எங்களுக்கு நாள்தோறும் வரும் அழைப்பு இது. மூன்று இடங்களில் தேட வேண்டும். ஜிமெயில் சிலருக்கு உட்பெட்டியைப் பல அறைகளாகப் பிரித்து வைத்திருக்கும்; தானியங்கியாக அனுப்பப்படும் அறிக்கைகள் முதன்மை அறைக்கு வராமல் 'அப்டேட்ஸ்' என்ற அறையில் சென்று தங்குவதுண்டு. அங்கும் இல்லையெனில், இடப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு 'ஸ்பேம்' என்ற பெட்டியைத் திறவுங்கள். ஐயத்துக்குரியவை என்று ஜிமெயில் கருதுபவை அங்கே ஒதுக்கப்படும். எங்கள் மடல் அங்கே இருந்தால், 'ஸ்பேம் அல்ல' என்பதைத் தொடுங்கள். அடுத்த மடல்கள் நேராக வர அது உதவும். ஸ்பேம் பெட்டியில் உள்ளவை 30 நாளில் தாமாகவே அழிக்கப்படும். ஆகவே மாதம் கடந்தபின் தேடினால் கிடைக்காது.

மூன்றாவது காரணம் எங்களுக்கே வியப்பாக இருந்தது. ஒருவருக்கு அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் திரும்பி வந்தன. முகவரியோ சரியாக இருந்தது. பெட்டி நிறைந்திருந்தது. கூகுள் கட்டணமின்றித் தரும் இடம் 15 ஜிபி. மடல்கள், படங்கள், டிரைவில் உள்ள கோப்புகள், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பின் காப்பு நகல் ஆகிய எல்லாம் அந்த ஒரே இடத்தைத்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. பேத்தியின் நடன விழாக் காணொளிகள் அவருடைய பெட்டியை நிரப்பிவிட்டன. இடம் தீர்ந்தால் புதிய மடல் வராது. பெரிய காணொளிகள் சிலவற்றை வேறிடத்தில் சேமித்துவிட்டு நீக்கினால் போதும். குப்பைப் பெட்டியையும் காலி செய்தபின்பே இடம் விடுபடும்.

மடலின் அடியில் பிடிஎஃப் என்ற குறியுடன் ஒரு சிறு கட்டம் இருக்கும், அதுவே அறிக்கை. தொட்டால் திறக்கும். எங்கள் அறிக்கைகள் பூட்டப்பட்டே வருகின்றன. திறக்கும் சொல் எப்படி அமையும் என்பது மடலில் எழுதப்பட்டிருக்கும். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை அங்கே இட வேண்டாம். எழுத்து சிறிதாக இருந்தால் இரு விரல்களைத் திரையில் வைத்து விரியுங்கள். முடிவுகளுக்கு அருகே 'எச்' என்றும் 'எல்' என்றும் எழுத்துகள் காணப்படும். அந்த ஆய்வகம் வகுத்த வழக்கமான அளவைவிடக் கூடுதல், குறைவு என்பதே அவற்றின் பொருள். இந்த அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். அந்த எழுத்தைக் கண்டதும் நோய் என்று முடிவுகட்டி இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நாங்கள் மறுநாள் காலையில் பார்த்திருக்கிறோம்.

திசுப் பரிசோதனை அறிக்கையை வீட்டில் தனியே திறப்பதா, மருத்துவரின் அறையில் அவர் முன்னிலையில் திறப்பதா என்பது உங்கள் விருப்பம். சிலருக்கு உடனே தெரிந்தால்தான் மனம் நிலைகொள்ளும். சிலருக்கு அருகே ஒருவர் இருந்து விளக்க வேண்டும். இரண்டாவது வழியை விரும்புபவர்கள், பரிசோதனைக்கு முன்பே சாளரத்தில் சொல்லிவிட்டால் அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பாமல் நிறுத்தி வைக்கிறோம்.

மடல் எழுதுவது

ஜிமெயிலில் 'எழுது' என்பதைத் தொட்டால் வெற்றுத் தாள் ஒன்று விரியும். முதல் வரியில் பெறுபவர் முகவரி. அடுத்து, பொருள் என்னும் வரி. மருத்துவமனைக்கு எழுதும்போது இந்தப் பொருள் வரியில்தான் வேலை இருக்கிறது. 'வணக்கம்' என்றும் 'அவசரம்' என்றும் தலைப்பிட்டு வரும் மடல்கள் பல. எது யாருடையது என்று பிரிக்கவே நேரம் போகிறது. நோயாளியின் பெயர், மருத்துவமனைப் பதிவெண், எத்துறை, என்ன வேண்டும் ஆகிய நான்கும் அந்த ஒரு வரியில் இருந்தால், மடல் நேராக உரியவரிடம் செல்லும். உள்ளே தமிழிலேயே எழுதலாம். விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசினாலும் தமிழ் எழுத்தாக விழும்; மருந்துகளின் பெயரை மட்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவிக்கு மருந்துப் பெயர்கள் பிடிபடுவதில்லை.

காகித அறிக்கையைப் படமெடுத்து அனுப்புபவர்கள், அதை மடிப்பின்றி மேசையில் விரித்து, சன்னல் வெளிச்சத்தில், நான்கு மூலைகளும் தெரியும்படி எடுங்கள். இரவில் விளக்கின் கீழே எடுத்தால் தொலைபேசியின் நிழலே நடுவில் விழுந்து, படிக்க வேண்டிய எண்ணை மறைத்துவிடுகிறது. ஒரு மடலுடன் 25 எம்பி வரைதான் இணைக்கலாம். அறிக்கைத் தாள்கள் பத்து இருந்தாலும் அடங்கும். ஆனால் சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ ஆகியவற்றின் முழுப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், அவை அடங்கா. எக்ஸ்ரே படச்சுருளைச் சுவர் விளக்குக்கு எதிரே பிடித்துப் படமெடுத்து அனுப்புவதாலும் மருத்துவருக்குப் பெரிதும் பயனில்லை. குறுந்தகட்டையும் படச்சுருளையும் நேரில் கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டில் உள்ள மகளுக்கும் தெரிய வேண்டும் என்று பலர் தம் கடவுச்சொல்லையே அவருக்குச் சொல்லிவிடுகின்றனர். தேவையில்லை. வந்த அறிக்கையைத் திறந்து, 'முன்னனுப்பு' என்பதைத் தொட்டு அவர் முகவரியை இட்டால் அந்த ஓர் அறிக்கை மட்டும் அவருக்குச் செல்லும். எதை எப்போது யாரிடம் சொல்வது என்பது அப்போதும் உங்கள் கையில் இருக்கும். முகவரி தவறிவிட்டது என்று அனுப்பிய மறுநொடியே உணர்ந்தால், திரையின் அடியில் சில நொடிகள் தோன்றும் 'செயல்தவிர்' என்பதைத் தொடுங்கள், மடல் நின்றுவிடும். அந்தச் சில நொடிகள் கடந்தால் திரும்பப் பெற இயலாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரெனக் கை கால் மரத்துப்போதல், அறுவைப் புண்ணிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இரவில் அந்தப் பெட்டியை எவரும் பார்ப்பதில்லை. 108-ஐ அழையுங்கள்.

பிறர் கணினியிலும் பிறர் வேடத்திலும்

பிரவுசிங் சென்டரிலோ உறவினர் வீட்டிலோ பெட்டியைத் திறந்தால், உலாவியில் மறைநிலைச் சாளரத்தில் திறவுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்க. வேலை முடிந்ததும் வட்டத்தைத் தொட்டு வெளியேறுங்கள். சாளரத்தை மூடுவது மட்டும் போதாது. அறிக்கையை அங்கே அச்சிட்டிருந்தால், இறக்கிய கோப்பை அந்தக் கணினியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? உங்கள் தொலைபேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியல் இருக்கும். அந்தக் கணினியைத் தேர்ந்து இங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லி வரும் மடல்கள் எல்லாம் மருத்துவமனையிலிருந்து வருபவை அல்ல. அனுப்புநர் பெயரை எவரும் எப்படியும் எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் கீழே தெரியும் முழு முகவரியையே பார்க்க வேண்டும். அறுவைக்கு முன்பணம், காப்பீட்டுத் தொகை விடுவிப்பு, மருத்துவரைச் சந்திக்க நேரம் உறுதிசெய்தல் என்று சொல்லி இணைப்பைத் தொடச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, படிவத்தில் அச்சிட்டுள்ள எங்கள் தொலைபேசி எண்ணை அழைத்துக் கேளுங்கள். மடலில் உள்ள எண்ணை அழைக்காதீர்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போது குடும்பத்தார் எதையும் ஆராயும் நிலையில் இருப்பதில்லை என்பதை ஏமாற்றுபவர்கள் நன்கு அறிவர். பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள். விரைந்து சொன்னால் பணம் மேற்கொண்டு கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு.

பெட்டியைத் திறந்துவிட்டு அப்படியே விட்டுவிடவும் கூடாது. 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து பார்த்தாலே போதும்.

உதவி மேசை தரைத்தளத்தில், மருந்தகத்துக்கு எதிரே உள்ளது. உங்கள் தொலைபேசியையும், பயன்பாட்டில் உள்ள சிம் அட்டையையும், படிக்கும் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள். பிற்பகலில் கூட்டம் குறைவு. உறவினர் உடன் வரலாம். ஆனால் திரையைத் தொடுவது நீங்களாகவே இருக்க வேண்டும். நேரமானாலும் பரவாயில்லை. கடவுச்சொல்லை இடும் வேளை வந்ததும் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். உடன் வந்தவரையும் திரும்பி நிற்கச் சொல்வோம்.